பதின்ம வயதினரின் கேட்டல் திறனை அளப்பது எப்படி? மதுரை வட்டார ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆசிரியர் ஒரு பத்தியை வாசிக்கிறார், பிள்ளைகள் கேட்கிறார்கள். பிறகு ஐந்து கேள்வி, விடையை நோட்டில் எழுத வேண்டும். பெரும்பாலான வகுப்புகளில் கேட்டல் தேர்வு என்றால் இவ்வளவுதான். ஐந்துக்கு இரண்டு வாங்கிய ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குக் கேட்கும் திறன் போதாது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அவனுக்குச் சளி பிடித்துக் காது அடைத்திருக்கலாம். கடைசி பெஞ்சில், லொடலொடக்கும் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கலாம். கேட்டது முழுக்கப் புரிந்தும், ஐந்தாவது கேள்விக்கு வருவதற்குள் முதல் வரி மறந்திருக்கலாம். விடை தெரிந்தும் எழுத்துப்பிழைக்குப் பயந்து இரண்டு சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். ஐந்துக்கு ஐந்து வாங்கிய பிள்ளையோ அந்தச் செய்தியை முன்பே எங்காவது படித்திருக்கலாம். தேர்வில் எதையும் கேட்டிருக்கவே வேண்டியதில்லை.

ஆகவே நல்ல கேட்டல் தேர்வு என்பது ஒவ்வொன்றாகக் கழிக்கிற வேலை. காது, அறை, நினைவாற்றல், எழுத்து, முன்னறிவு ஆகியவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் கேட்டல். இந்த வழிகாட்டி எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, அதாவது 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கானது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் மொழித்தாள்களில் கேட்டலுக்கென்று மதிப்பெண் கிடையாது. அதனால் இதைச் செய்யும்படி யாரும் நெருக்கப்போவதில்லை. அதுவும் ஒரு வசதிதான், நிதானமாகச் செய்யலாம்.

படி 1: முதலில் காது

மொழித் தேர்வுக்கு முன்னால் காதைப் பார்க்காவிட்டால் பின்னால் வரும் கணக்கெல்லாம் வீண். ஒரு மாணவருக்கு மூன்று நிமிடம் போதும். கருவி எதுவும் வேண்டாம்.

ஆறு ஒலிச் சோதனை: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். டேனியல் லிங் வகுத்த இந்த ஆறு ஒலிகளும் பேச்சின் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை பரவி நிற்பவை. மாணவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி நின்று, சாதாரணக் குரலில், வரிசையை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு மூன்று மீட்டர் தள்ளி நின்று இன்னொரு முறை. முன்னால் நின்று கையால் வாயை மறைக்க வேண்டாம். கை ஒலியையும் மறைக்கும். ஒலிகளுக்கு இடையே ஒரே சீரான இடைவெளி விட்டாலும் தவறு, தாளத்தை வைத்தே ஊகித்துவிடுவார்கள். ‘ம்’ நன்றாகக் கேட்டு ‘ஸ்’ மட்டும் தவறினால் உயர் சுருதியில் குறை இருக்கலாம். வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளை “சத்தம் கேக்குது சார், என்னன்னுதான் புரியல” என்று சொல்லும். அதைச் சாக்கு என்று தள்ளிவிடுகிறோம்.

கிசுகிசுப்புச் சோதனை: மாணவரின் பின்னால் ஒரு கை நீளத்தில், ஏறக்குறைய 60 செ.மீ. தள்ளி நில்லுங்கள். சோதிக்காத காதின் துளைக்கு முன்னால் உள்ள சிறு மடலை விரலால் அழுத்தி லேசாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட்டபின், எண்ணும் எழுத்துமாக மூன்றைக் கிசுகிசுங்கள்: “நாலு, க, ஏழு”. மூன்றும் சரியாக வந்தால் போதும். இல்லையென்றால் வேறு மூன்று சொல்லுங்கள். மொத்தம் ஆறில் குறைந்தது மூன்று சரியாக வர வேண்டும். மூச்சை விடாமல் கிசுகிசுத்தால் குரல் தானாக உரத்துவிடும், குறையுள்ள காதும் தேறிவிடும்.

தேறாதவர்களை ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். சளியாக இருந்தால் அதற்குள் தெளிந்திருக்கும். அப்போதும் தேறாவிட்டால் பெற்றோரிடம் சொல்லி அரசு இராசாசி மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்கோ அருகிலுள்ள காது மருத்துவரிடமோ அனுப்புங்கள். காதில் சீழ் வடிகிறது என்றால் ஒரு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. “எண்ணெய் காய்ச்சி ஊத்துனா சரியாப் போகும்” என்பார்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நடுக்காதுக்குள் போகும். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இந்த வட்டாரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. ஊர்த் திருவிழா, பொங்கல், முளைப்பாரி என்று இரவெல்லாம் குழாய் ஒலிபெருக்கிப் பக்கத்தில் நின்ற காது மறுநாள் மந்தமாக இருக்கும். வெடிச்சத்தமும் அப்படியே. பெரும்பாலும் இது தற்காலிகந்தான். ஆனாலும் திருவிழா முடிந்து குறைந்தது இரண்டு நாள் விட்டுத்தான் சோதனை வையுங்கள். இயர்போன் பற்றிக் கேட்பவர்களுக்கு: வாரத்துக்கு 40 மணி நேரம் என்று கொண்டால், பெரியவர்களுக்கு 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு.

படி 2: அறை

பேச்சொலி சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது உரத்து இருந்தால்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெளிவாகக் கேட்கும். ஆளில்லாத வகுப்பறையின் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்காவின் வகுப்பறைத் தரவரையறை. நம் வகுப்பறைகளில், சாலையோரம் இருந்தால் சொல்லவே வேண்டாம், அது நடக்காத காரியம். எனவே அந்த 15 டெசிபல் இடைவெளியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

செல்போனில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்று போதும். அது காட்டும் எண் அப்படியே சரியாக இராது. ஆனால் ஒரே போன், ஒரே செயலி என்றால் இரண்டு எண்களுக்கு இடையிலான வித்தியாசத்தை நம்பலாம். கடைசி பெஞ்சில் போனை வைத்து, ஃபேன் ஓடும்போது 30 விநாடி அளவெடுங்கள். பிறகு ஒலிப்பதிவை ஓடவிட்டு அதே இடத்தில் அளவெடுங்கள். வித்தியாசம் 15க்குக் கீழே இருந்தால் ஸ்பீக்கரை முன்னே கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் வரை கூடும். சத்தத்தைத் திருகிக் கூட்டுவதைவிட இதுவே நல்லது, ஏனென்றால் சிறிய ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்தால் ஸ, ஷ, ச எல்லாம் ஒன்றுபோல் கரகரக்கும்.

ஸ்பீக்கர் தரையிலோ மூலையிலோ இருக்கக் கூடாது. உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் காது உயரத்தில், சுமார் 1.2 மீட்டரில் இருக்கட்டும். கடைசி இருக்கை 6 மீட்டருக்குள் வர வேண்டும். 40 பேர் இருந்தால் 20, 20ஆகப் பிரித்து வையுங்கள். வெறும் சுவரும் சிமெண்டுத் தரையுமான அறையில் எதிரொலி வார்த்தைகளை மெழுகிவிடும். பின்சுவரில் இரண்டு ஜமக்காளத்தை விரித்துத் தொங்கவிட்டாலே வித்தியாசம் தெரியும். தகரக் கூரை வகுப்பில் மழைநாளில் தேர்வு வைக்காதீர்கள்.

ஃபேனை நிறுத்தலாமா? சித்திரை வெயிலில் மதுரையில் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்கச் சொன்னால் பொறுமையைத்தான் அளக்க முடியும். காலை முதல் பாடவேளையில் வையுங்கள். ஒலிப்பத்தி ஓடும் இரண்டு நிமிடம் மட்டும் நிறுத்தி, விடை குறிக்கும்போது போட்டுவிடலாம்.

படி 3: எதை அளக்கிறோம் என்று பிரித்து எழுதுங்கள்

‘கேட்டல்’ ஒரே திறன் இல்லை. தேர்வுத்தாளில் குறைந்தது இந்த ஐந்தும் தனித்தனியே இருக்க வேண்டும்:

- சொன்ன தகவலைப் பிடிப்பது: நேரம், இடம், எண், பெயர்
- பேச்சின் நடுவே திருத்தப்பட்டதைக் கவனிப்பது: “ரெண்டு கிலோ… இல்ல, ஒன்றரை போதும்”
- வரிசையையும் காரணத்தையும் தொடர்வது
- சொல்லாமல் விட்டதை உணர்வது
- குரலில் இருக்கும் மனநிலையை அறிவது: கிண்டல், தயக்கம், கோபம்

பதின்ம வயதில் முதல் வகைக் கேள்விகளில் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். வித்தியாசம் தெரிவது இரண்டாவதிலும் கடைசி இரண்டிலும். வழக்கமான வினாத்தாள்களில் இல்லாதவையும் இவைதான்.

சொல்வதெழுதலை இதில் சேர்க்காதீர்கள். மரம், மறம் இரண்டையும் நடைமுறைப் பேச்சில் ஒன்றுபோலவே உச்சரிக்கிறோம். ந, ன இரண்டும் அப்படியே. காதுக்கு வராத வித்தியாசத்தைக் காதால் பிடிக்கவில்லை என்று மதிப்பெண் குறைப்பதில் நியாயம் இல்லை. ழகரமும் அப்படித்தான். கிழவி ‘கெளவி’யாகவும் வாழைப்பழம் ‘வாளப்பளம்’ ஆகவும் புழங்குகிற வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு ழ, ள குழம்புவது எழுத்துப் பாடத்தின் பிரச்சினை.

படி 4: ஒலிப்பத்தி தயாரிப்பது

இரண்டு தமிழில் வாழ்கிறவர்கள் நாம். செய்தி வாசிக்கும் தமிழ் வேறு, வீட்டில் பேசும் தமிழ் வேறு. எழுத்துநடைப் பத்திகளை மட்டும் வைத்தால் அந்த நடையோடு யாருக்குப் பழக்கம் அதிகம் என்பதைத்தான் அளந்திருப்பீர்கள். மதுரை நகரில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ உருதுவோ வீட்டுமொழியாக உள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது இன்னும் கூடுதல் சுமை.

ஐந்து பத்தி போதும். இரண்டு பேச்சுநடை உரையாடல், ஓர் அறிவிப்பு, ஒரு பாட விளக்கம், ஒரு வழிமுறை விளக்கம். எட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம். அதற்கு மேல் இரண்டு முதல் மூன்று நிமிடம். 20-25 விநாடிப் பேச்சுக்கு ஒரு கேள்வி என்ற கணக்கில் எட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு மொத்தம் 18 முதல் 22 கேள்விகள் வரும். இதைவிட நெருக்கமாகக் கேட்டால் வேண்டாத விவரங்களை நோண்ட வேண்டியிருக்கும்.

வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று எண்ணாதீர்கள். ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கு’ என்பதும் ஒரு சொல், ‘வா’ என்பதும் ஒரு சொல். புள்ளி வைத்த மெய்களை விட்டுவிட்டு உயிரையும் உயிர்மெய்யையும் மட்டும் எண்ணுங்கள். விநாடிக்கு 4 முதல் 5 வந்தால் நிதானமான பேச்சு. 6க்கு மேல் போனால் வேகப் பேச்சு. அது ஒரு பத்தியில் இருக்கலாம், எல்லாவற்றிலும் கூடாது.

உரையாடலை எழுதிவைத்து வாசிக்கச் செய்யாதீர்கள். வாசித்தால் காதில் விழுவது வாசிப்புதான். குறிப்பு மட்டும் கொடுத்து இரண்டு பேரைப் பேசவிடுங்கள். தடுமாற்றம், திருத்தம், ‘அது வந்து’ எல்லாம் தானாக வந்துசேரும். பீரோவைத் திறந்துவைத்துத் துணிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பதிந்தால் ஸ்டுடியோ தேவைப்படாது. பதிவை இன்னொரு ஆசிரியருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள். குரல்செய்தியாகப் பதிந்து அனுப்பினால் ஒலி சுருக்கப்பட்டு மெல்லிய மெய்யொலிகள் மங்கிவிடும்.

புளூடூத் ஸ்பீக்கரில் ஒரு கண்ணி உண்டு. சிறிது நேரம் சத்தமில்லாமல் இருந்தால் சில ஸ்பீக்கர்கள் தூங்கிவிடும். மறுபடி ஒலி வரும்போது முதல் அரை விநாடியை விழுங்கிவிடும். முதல் சொல்லே ‘நாளைக்கு’ என்றிருந்தால் தொலைந்தது. ஒவ்வொரு பத்திக்கும் முன்னால் ஒரு மணியோசையும் மூன்று விநாடி அமைதியும் சேர்த்துப் பதியுங்கள்.

ஒரு மாதிரியைக் கூர்ந்து பார்ப்போம். உசிலம்பட்டியில் இருக்கும் சித்தி, மதுரையில் இருக்கும் தன் கணவரின் அண்ணன் மகளுக்குப் போன் செய்கிறார்:

“செல்வி, சித்தி பேசுறேன்டா. நாளைக்கு அப்பத்தாவக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்ல, நீ நேரா ஆரப்பாளையம் வந்துரு. எட்டரைக்கு வந்துருவோம்… இரு இரு, எட்டரைக்கு இங்க பஸ் ஏறுறதே. எறங்க ஒம்பதே முக்கா ஆயிரும். போன மாசம் எழுதிக் குடுத்த சீட்டு ஒங்க வீட்டுல இருக்குல்ல, அத மட்டும் எடுத்துக்க. கண்ணாடி அவங்க கையிலயே இருக்கு. சாப்பாடெல்லாம் கட்ட வேணாம், வெறும் வயித்தோட வரச் சொல்லிருக்காங்க. ஒங்கப்பாட்டச் சொல்லணுமேன்னுதான் பாக்குறேன். சொன்னா, வண்டிய எடுத்துக்கிட்டு நானே வர்றேம்பாரு. போன தடவ பட்டதே போதும். ம்ம்… சொல்லாமயும் இருக்க முடியாது. சரி, ராத்திரி சொல்லிக்க.”

இதிலிருந்து நான்கு கேள்வி எடுக்கலாம்.

ஒன்று, செல்வி எத்தனை மணிக்கு ஆரப்பாளையத்தில் இருந்தால் சரியாக இருக்கும்? தெரிவுகள்: 8.30, 9.00, 9.45, 10.30. விடை 9.45. எட்டரையைத் தேர்ந்தவர் முதலில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டு திருத்தத்தைத் தவறவிட்டவர். பத்தரையைத் தேர்ந்தவர் பிடிக்கவே இல்லை. தவறான தெரிவுகளையும் இப்படிக் காரணத்தோடு அமைத்தால் தவறும் தகவல் சொல்லும்.

இரண்டு, செல்வி எதை எடுத்துவர வேண்டும்? சீட்டு. தெரிவுகளில் கண்ணாடியும் சாப்பாடும் இருக்கட்டும். இரண்டும் பேச்சில் வருகின்றன.

மூன்று, ஏன் சாப்பாடு வேண்டாம்? இந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரி என்றாலே வெறும் வயிறு என்று ஒலிப்பதிவைக் கேட்காத பிள்ளையும் சொல்லிவிடும்.

நான்கு, செல்வியின் அப்பா வண்டி எடுத்துவருவதில் சித்திக்கு விருப்பமா? இல்லை. ஆனால் அவர் எங்கும் ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை. நான்கு கேள்விகளில் திறனை மிக நன்றாகப் பிரித்துக் காட்டுவது இதுவாகத்தான் இருக்கும்.

படி 5: கேட்காதவர்களிடம் கேள்வியைக் கொடுங்கள்

பலரும் செய்யாத படி இது. செலவு எதுவுமில்லை. அதே வயதுள்ள 30 பேரிடம், வேறு பிரிவோ வேறு பள்ளியோ, ஒலிப்பதிவு இல்லாமல் வினாத்தாளை மட்டும் கொடுத்து ஊகித்துக் குறிக்கச் சொல்லுங்கள். நான்கு தெரிவு என்றால் குருட்டாம்போக்கில் ஏழெட்டுப் பேர் சரியாகக் குறிப்பார்கள். ஒரு கேள்விக்கு 12 பேருக்கு மேல் சரியாகக் குறித்திருந்தால் அது பொது அறிவைக் கேட்கிறது, அல்லது தெரிவின் நீளமே விடையைக் காட்டிக்கொடுக்கிறது. சரியான விடையை மட்டும் நீளமாக, கவனமாக எழுதுவது நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம்.

படி 6: தேர்வு நாள்

விடையில் எழுத்து வேலை கூடாது. டிக் அடிப்பது, வரைபடத்தில் கோடு இழுப்பது, படங்களை வரிசைப்படுத்துவது, எண்ணைக் குறிப்பது. பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து தெப்பக்குளம் போகும் வழியைச் சொல்லிக் கோடு இழுக்கச் சொன்னால் நகரத்துப் பிள்ளைகள் கேட்காமலே இழுப்பார்கள், பேரையூர்ப் பிள்ளைகள் திணறுவார்கள். கற்பனை ஊர் ஒன்றை வரைந்துகொள்ளுங்கள்.

கேள்வித்தாளைப் பத்திக்கு முன்னால் கொடுப்பதா, பின்னால் கொடுப்பதா? முன்னால் கொடுத்தால் தேவையானதைத் தேடிக் கேட்கும் திறன் அளக்கப்படும். பின்னால் கொடுத்தால் மொத்தத்தையும் உள்வாங்கும் திறன், கூடவே நினைவாற்றல். அறிவிப்புக்கும் வழிமுறைக்கும் முன்னால் கொடுங்கள். பாட விளக்கத்துக்குப் பின்னால் கொடுத்து, குறிப்பெடுக்க வெற்றுத்தாள் தாருங்கள். உரையாடலுக்கு முன்னால் 20 விநாடி காட்டிவிட்டுத் தாளைக் கவிழ்க்கச் சொல்லலாம். எதைச் செய்தாலும் எல்லாப் பிரிவுக்கும் ஒரே மாதிரி.

ஒருமுறை மட்டும் ஓடவிடுங்கள். வாழ்க்கையில் சித்தி போனை இரண்டு முறை போடமாட்டார். வெளியே ஹாரன் அலறிக் கெட்டுப்போனால் மட்டும் முழுப் பத்தியையும் மறுபடி ஓடவிட்டு, அதைக் குறித்துவையுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 20 விநாடி. முன்னுரை, மாதிரிக் கேள்வி எல்லாம் சேர்த்து ஒரு 40 நிமிடப் பாடவேளைக்குள் முடியும்.

இதில் எட்டிப் பார்ப்பது சுலபம், டிக்கைக் காண ஒரு கண்வீச்சு போதும். தெரிவுகளின் வரிசையை மாற்றி ‘அ’, ‘ஆ’ என இரண்டு தாள் தயாரித்து அடுத்தடுத்த இருக்கைக்கு மாற்றிக் கொடுங்கள்.

படி 7: நேருக்கு நேர் கேட்பது

ஒலிப்பதிவை நன்றாகக் கேட்கிற பிள்ளை, நண்பன் பேசும்போது நடுவில் வெட்டுகிறவனாக இருக்கலாம். அது வேறு திறன். தாளில் அளக்க முடியாது.

இருவராக உட்காரவையுங்கள். ஒருவர் இரண்டு நிமிடம் தனக்கு உண்மையாகவே இருக்கும் ஒரு சின்னப் பிரச்சினையைச் சொல்வார்: பஸ் பாஸ் தொலைந்தது, தம்பி படிக்கவிடாதது. மற்றவர் கேட்டுவிட்டு, ‘நீ சொன்னது இதுதானே’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். பார்ப்பவர் மூன்றே விஷயம் குறிக்கட்டும்: நடுவே வெட்டாமல் இருந்தாரா, சொன்னதிலிருந்து பிறந்த கேள்வி ஒன்றாவது கேட்டாரா, திருப்பிச் சொன்னதைச் சொன்னவர் “ஆமா, அதான்” என்று ஒத்துக்கொண்டாரா. மூன்றில் கனமானது கடைசியே.

கண்ணைப் பார்த்தாரா, தலையை ஆட்டினாரா என்பதையெல்லாம் அளவுத்தாளில் சேர்க்காதீர்கள். வெளிநாட்டுப் படிவங்களில் அவை கட்டாயம் இருக்கும். பெரியவர் எதிரே தலை குனிந்து நிற்பதை மரியாதை என்று பழக்கிய ஊரில், கண்ணைப் பார்க்காததற்கு மதிப்பெண் குறைத்தால் வளர்ப்புக்குத்தான் குறைக்கிறோம். முகத்தை அசைக்காமல் அத்தனையையும் கேட்டுக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. தலையை ஆட்டிக்கொண்டே ஒன்றையும் கேட்காதவர்களும் உண்டு.

முதுகோடு முதுகாக உட்கார்ந்து ஒருவர் சொல்ல மற்றவர் வரையும் பயிற்சியும் நல்லது. புள்ளிக் கோலத்தை வைத்துச் செய்தால், வாசலில் தினமும் போடுகிற கை தானாகவே முடித்துவிடும். பழக்கமில்லாத கோட்டுருவம் ஒன்றைக் கொடுங்கள்.

பார்ப்பவர் இருவராக இருக்க வேண்டும், தனித்தனியே குறிக்க வேண்டும். 20 பேரில் 16 பேருக்கு இருவரும் ஒரே மாதிரி குறித்தால் 80 சதவீதம் ஒத்துப்போகிறது, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இருவரும் ஆளுக்கு 14 பேரை ‘நன்று’ என்று குறித்திருந்தால், கண்ணை மூடிக் குறித்தாலும் 58 சதவீதம் ஒத்துப்போகும் (0.7×0.7 + 0.3×0.3). அதைக் கழித்தால்: (0.80 − 0.58) ÷ (1 − 0.58) = 0.52. கோஹனின் கப்பா என்பது இதுதான். 0.6க்குக் கீழே வந்தால் இருவரும் உட்கார்ந்து எதை ‘வெட்டுவது’ என்று சொல்கிறோம், எதை ‘ஒத்துக்கொள்வது’ என்று சொல்கிறோம் எனப் பேசி முடிவு செய்துவிட்டு மறுபடி குறியுங்கள்.

மாணவர்களையே ‘நான் நன்றாகக் கேட்பேனா’ என்று ஐந்து புள்ளி அளவில் குறிக்கச் சொல்லும் படிவத்தை மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள். பதினைந்து வயதில் பாதிப் பேர் நல்ல பெயருக்குக் குறிப்பார்கள், மீதிப் பேர் வேடிக்கைக்குக் குறிப்பார்கள்.

படி 8: கணக்கு

முதல் சுற்றை 40 பேரிடம் வெள்ளோட்டமாக நடத்துங்கள். மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலே 27 சதவீதம், கீழே 27 சதவீதம் எடுங்கள். 40 பேரில் இது 11, 11.

ஒரு கேள்விக்கு 40 பேரில் 24 பேர் சரி என்றால் எளிமை 0.60. பெரும்பாலான கேள்விகள் 0.30-க்கும் 0.85-க்கும் இடையில் இருக்கட்டும். மேல் 11இல் 9 பேர், கீழ் 11இல் 4 பேர் சரி என்றால் பிரித்தறியும் எண் (9 − 4) ÷ 11 = 0.45. 0.40க்கு மேல் மிக நன்று, 0.20க்குக் கீழே என்றால் கேள்வியைத் திருத்துங்கள் அல்லது தூக்குங்கள். எண் எதிர்மறையாக வந்தால், அதாவது நன்றாகக் கேட்பவர்களே தவறு செய்தால், முதலில் விடைக்குறிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் விடைக்குறிப்பில்தான் தவறு இருக்கும். இல்லையென்றால் கேள்வியில் இரண்டு விடை பொருந்தும்.

அடுத்து நம்பகம், அதாவது மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது. ஒற்றைப்படைக் கேள்விகளின் கூட்டலையும் இரட்டைப்படைக் கேள்விகளின் கூட்டலையும் எக்செல்லில் இரண்டு நெடுவரிசையாகப் போட்டு ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்) காணுங்கள். 0.60 வந்தால் முழுத்தேர்வின் நம்பகம் 2 × 0.60 ÷ 1.60 = 0.75. வகுப்பறைக்கு இது போதும். மதிப்பெண்களின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து அவை சிதறும் அளவு) 4 என்றால் அளவீட்டுப் பிழை 4 × √(1 − 0.75) = 2. அதாவது 13 வாங்கிய பிள்ளையின் உண்மையான இடம் 11 முதல் 15 வரை எங்கும் இருக்கலாம். ஆகவே 12க்கும் 14க்கும் நடுவே கோடு போட்டு ‘குறைவு’, ‘நடுத்தரம்’ என்று பிரிப்பதில் அர்த்தமில்லை. இந்த எண்ணைப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவையுங்கள். பின்னால் யாராவது தரவரிசை போடச் சொல்லிக் கேட்கும்போது உதவும்.

படி 9: குறைந்த மதிப்பெண்ணைப் படிப்பது

குறைவாக வாங்கியவர்களுக்கு மட்டும் இரண்டு சின்னச் சோதனைகள் கூடுதலாக வையுங்கள்.

அதே கடினத்தில் வேறொரு பத்தியை எழுத்தில் கொடுத்து வாசிக்கச் செய்து அதேவகைக் கேள்விகள் கேளுங்கள். வாசிப்பிலும் குறைந்தால் சிக்கல் சொல்வளத்தில் அல்லது மொழிப் புரிதலில் இருக்கிறது. வாசிப்பு நன்றாக இருந்து கேட்டல் மட்டும் குறைந்தால் காதையும் கவனத்தையும் மறுபடி பாருங்கள். கேட்டல் நன்றாக இருந்து வாசிப்பு குறைந்தால், வகுப்பில் ‘மக்கு’ என்று பெயரெடுத்திருக்கும் அந்தப் பிள்ளைக்கு உண்மையில் வாசிப்பில் மட்டுந்தான் உதவி தேவை. இந்தத் தேர்வு கண்டுபிடித்துத் தருபவர்களில் இவர்களே முக்கியமானவர்கள்.

அடுத்தது எண் வரிசை. விநாடிக்கு ஒன்றாக எண்களைச் சொல்லுங்கள், அதே வரிசையில் திருப்பிச் சொல்லட்டும். இந்த வயதில் பெரும்பாலோர் 6 அல்லது 7 எண் வரை போவார்கள். நான்கிலேயே நின்றுவிடும் பிள்ளைக்கு நீளமான பத்தி நினைவுச் சோதனையாகிவிடும். அதே பத்தியை மூன்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் கேள்வி வைத்துப் பாருங்கள். மதிப்பெண் குபீரென்று ஏறினால் விஷயம் தெளிவு.

ஆங்கிலக் கேட்டலைத் தனித் தேர்வாக வையுங்கள். ஒலிப்பதிவு ஆங்கிலத்தில் இருக்கட்டும், கேள்வியும் தெரிவும் தமிழில் இருக்கட்டும். இல்லையென்றால் ஆங்கில வாசிப்பும் சேர்ந்துகொள்ளும்.

முடிவைப் பெற்றோரிடம் சொல்லும்போது எண்ணைச் சொல்லாமல் செயலைச் சொல்லுங்கள்: “நடுவுல மாத்திச் சொன்னா பிடிக்க மாட்டேங்குறாங்கம்மா, கடைக்கு அனுப்புறப்ப கடைசியா என்ன சொன்னோம்னு ஒரு தடவ திருப்பிச் சொல்லச் சொல்லுங்க.” மதிப்பெண்ணை வகுப்பில் உரக்க வாசிக்க வேண்டாம். நேருக்கு நேர் பயிற்சியைப் பதிவு செய்வதானால் முன்கூட்டியே பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுதேர்வு குறைந்தது மூன்று மாதம் கழித்து, வேறு பத்திகளோடு. சித்தியின் போன் உரையாடலை ஒருமுறை கேட்ட பிள்ளைகள் அந்தப் ‘பட்டதே போதும்’ வரியை மறக்கமாட்டார்கள். அடுத்த பிரிவுக்குச் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் இரண்டு பிரிவுக்கும் ஒரே நாளில், இடைவேளைக்கு முன்பே முடித்துவிடுங்கள். வினாத்தாள்களை எண்ணித் திரும்ப வாங்குங்கள்.